எழுதியது எழுதியபடி

கருங்குழி
12.6.2006

அன்புள்ள வைஷாலிக்கு,

கடைசிப் பரீட்சை முடிந்த அன்று செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் "போன் பண்ணுடி" என்று சொல்லிவிட்டு கல்பாக்கம் பஸ்ஸில் ஏறிவிட்டாய். எந்தப் போனில் பண்ணுவது? எங்கள் வீட்டில் இருக்கிற ஒரே செல்போன் பார்த்திபன் அண்ணனுடையது. அது அண்ணனோடு நெல் அறுக்கிற மெஷின் போகிற ஊருக்கெல்லாம் போய்விடுகிறது. வீட்டுக்கு வந்தாலும், "எங்க வயலுக்கு எப்போ மெஷின் வரும்" என்று யாராவது கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அதனால்தான் கடிதம். சிரித்து முடித்துவிட்டுப் படி.

பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவள் வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. லேபில் ஒரு மெஷினுக்கு நாலு பேர் உட்கார்ந்தோமே, அதோடு சரி. மதுராந்தகத்தில் ஒரு பிரௌசிங் சென்டருக்குப் போய் ஜாவாவை ஏற்றப் பார்த்தேன். கடைக்காரர் எழுந்து வந்து, "இன்னாம்மா பண்ணிக்கினு கீற, மெயில் பாக்கறதுன்னா பாரு, இல்லன்னா எடத்த காலி பண்ணு" என்றார். காலி பண்ணிவிட்டு வந்தேன்.

ஆனால் புத்தகம் இருக்கிறது. செங்கல்பட்டில் பழைய புத்தகக் கடையில் கிடைத்தது. செல்போனுக்குள் ஓடுகிற புரோகிராமை ஜாவாவில் எழுதுவது எப்படி என்று ஆரம்பத்திலிருந்து சொல்லிக்கொடுக்கிறது. நடுவில் ஆறாம் அத்தியாயம் முழுசும் இல்லை, எவனோ கிழித்து போண்டா மடித்திருக்கிறான். மிச்சத்தை மூன்று தடவை படித்துவிட்டேன். முதல் பக்கத்திலேயே "தேவையானவை" என்று ஒரு கம்ப்யூட்டர் படம் போட்டிருக்கிறது. அந்தப் பக்கத்தை மட்டும் வேகமாகத் திருப்பிவிடுகிறேன்.

என் யோசனை இதுதான். நான் புரோகிராமைக் காகிதத்தில் எழுதி, வரிக்கு வரி நம்பர் போட்டு அனுப்புகிறேன். நீ உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் அதை அடித்து ஓட்டிப் பார். எந்த வரியில் என்ன தப்பு என்று கம்ப்யூட்டர் சொல்கிறதோ, அதை எனக்கு எழுது. நான் திருத்தி மறுபடி அனுப்புகிறேன். ஒரே ஒரு கண்டிஷன். எழுதியதை எழுதியபடி அடி. ஒரு புள்ளியைக்கூட மாற்றாதே. தப்பு வந்தால் அது எனக்கு வரட்டும்.

செய்யப்போவது அண்ணனுக்கு. எந்த ஊர், யார் வயல், என்றைக்கு மெஷின் என்பதை அண்ணன் எங்கள் வீட்டுச் சுவரில் கரித்துண்டால் எழுதி வைக்கிறார். ஆனால் ஆட்கள் போனில் கேட்கும்போது அண்ணன் அச்சரப்பாக்கத்தில் நிற்கிறார், சுவர் கருங்குழியில் நிற்கிறது. அந்தச் சுவரைப் போனுக்குள் கொண்டுபோகப் போகிறேன்.

நம் சீனியர் ரோஹித் சேர்ந்திருக்கிறாரே, சிறுசேரிப் பக்கம், செல்போனுக்குப் புரோகிராம் எழுதுகிற கம்பெனி. தை மாதம் நேரடியாக ஆள் எடுப்பார்களாம். சொந்தமாக ஒன்று செய்து காட்டினால் மார்க்கைக்கூடப் பெரிதாகப் பார்க்க மாட்டார்களாம். வீட்டில் எனக்குத் தை முடிகிற வரைதான் கெடு. வேலை கிடைத்தால் வேலை. இல்லாவிட்டால் அச்சரப்பாக்கத்தில் பம்பு மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருக்கிற ஒருவர், அம்மா பார்த்து வைத்திருக்கிறது. அவர் நல்லவராகவே இருக்கட்டும். எனக்கு முதலில் ஒரு நாற்காலியும் அதற்கு முன்னால் ஒரு கம்ப்யூட்டரும் வேண்டும்.

முதல் நாலு பக்கம் இத்துடன். அடிப்பாயா?

துர்காதேவி

பி.கு.: பழைய கல்யாணப் பத்திரிகைகளைப் போன் அளவுக்கு வெட்டி, பின்பக்கத்தில் ஒவ்வொரு ஸ்க்ரீனையும் வரைந்து வைத்திருக்கிறேன். பட்டனை அமுக்கியதாக நினைத்துக்கொண்டு அட்டையை மாற்றி மாற்றிப் போடுவேன். சீட்டாடுகிறேன் என்று அம்மா திட்டியது.


கல்பாக்கம்
21.6.2006

அன்புள்ள துர்கா,

சிரிக்கவில்லை. பொறாமையாக இருந்தது, அதைச் சொல்லிவிடுகிறேன். பரீட்சை முடிந்ததிலிருந்து மத்தியானம் தூங்கி எழுந்து, கடற்கரை வரை நடந்துவிட்டுத் திரும்புகிறேன். அப்பா ஆபீஸிலிருந்து வந்ததும் "அடுத்து என்ன உத்தேசம்?" என்கிறார். எனக்கு உத்தேசம் எதுவும் இல்லை. எம்.எஸ்ஸி. விண்ணப்பம் மேஜைமேல் கிடக்கிறது. உன்னைப் போல எதையாவது இறுக்கிப் பிடித்துக்கொள்ள எனக்கு எப்போதுமே வந்ததில்லை.

இதற்கு வேண்டிய சாஃப்ட்வேரை ரோஹித் சிடியில் போட்டுக் கொடுத்தார். ஏற்றியதும் திரையில் ஒரு பொம்மைப் போன் வருகிறது. அதன் பட்டன்களை மவுஸால் அமுக்கலாம். நீ பார்த்திருந்தால் அந்த இடத்தை விட்டு எழுந்திருக்க மாட்டாய்.

நீ அனுப்பிய நாலு பக்கத்தையும் ஒரு புள்ளி மாற்றாமல் அடித்தேன். தப்பு நாற்பத்தேழு. தனித்தாளில் வரி எண்ணோடு எல்லாவற்றையும் எழுதியிருக்கிறேன். மனசு விடாதே. ஒரு தப்பு இருந்தாலே அதற்குப் பின்னால் பத்து காட்டும் என்று ரோஹித் சொன்னார்.

வைஷாலி


கருங்குழி
9.7.2006

வைஷாலி,

நாற்பத்தேழு. கவரைப் பிரிக்கிறபோது அண்ணன் பக்கத்தில் நின்றிருந்தார். தாளை வாங்கிப் பார்த்தார். "இன்னாது, மூணு வருசம் படிச்சதுக்கு நாப்பத்தேழு தப்பா? நான் படிக்காமலே இத்தினி பண்ணுவனே" என்றார். கேலிக்குத்தான் சொன்னார். அம்மா சாதத்தைப் போட்டுக்கொண்டே, பம்புக் கடைக்காரர் வீட்டுக்குச் சொல்லி அனுப்பட்டுமா என்று கேட்டது. சாதத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

புத்தகத்தை அரிசி டிரம்முக்குப் பின்னால் போட்டேன். பத்து நாள் அந்தப் பக்கமே போகவில்லை. உன்மேல் கோபம் இல்லை, நீ நான் சொன்னதைத்தான் செய்தாய். ஆனால் உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது, இன்னொரு தடவை நாற்பத்தேழு என்று வந்தால் நான் பேனாவை எடுப்பேனா என்று எனக்கே தெரியவில்லை.

பதினோராம் நாள் எடுத்தேன். எலி ஒரு மூலையைக் கடித்திருக்கிறது. இத்துடன் ஆறு பக்கம். ஐந்து தடவை சரிபார்த்துவிட்டேன்.

துர்கா


கல்பாக்கம்
18.7.2006

அன்புள்ள துர்கா,

இந்தக் கடிதத்தை முதலில் வேறு மாதிரி எழுதியிருந்தேன். கிழித்துவிட்டு மறுபடி எழுதுகிறேன்.

ஆறு தப்பு. ஆறே ஆறுதான். கீழே எழுதியிருக்கிறேன், எல்லாம் சின்னச் சின்ன விஷயம். அண்ணனிடம் காட்டு. சாப்பாட்டை வைத்துவிட்டு எழுந்திருக்கிற பழக்கமெல்லாம் வேண்டாம்.

உன் தாள்களை ஒரு ஃபைலில் வரிசையாக வைத்திருக்கிறேன். தொலைக்க மாட்டேன்.

வைஷாலி


கருங்குழி
30.9.2006

அடி வைஷாலி,

ஆறு, நாலு, மூன்று, இப்போது இரண்டு! அண்ணனிடம் காட்டினேன். "அந்த ரெண்டு மட்டும் எதுக்கு பாக்கி வெச்ச" என்கிறார். இந்த வாய் இல்லாவிட்டால் மெஷின்காரருக்கு எங்கே பிழைப்பு நடக்கும்.

முன்பெல்லாம் ஒரு பக்கத்தை ஐந்து தடவை சரிபார்ப்பேன். இப்போது கை தானாக ஓடுகிறது, ஒரு தடவைகூட முழுசாகப் பார்ப்பதில்லை. டைப்ரைட்டிங் லோயருக்குப் படித்தபோது நாலாம் மாதம் இப்படித்தான் இருந்தது, விரல் தன் பாட்டுக்குப் போகும். இதற்கென்று பிறந்த புத்தி போலிருக்கிறது எனக்கு. சிரிக்காதே.

பம்புக் கடைக்காரரின் அம்மா வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். நான் உள்ளே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தேன். பொண்ணு என்ன எழுதுகிறது என்று கேட்டார்களாம். அறுப்புக் கணக்கு என்று அம்மா சமாளித்திருக்கிறது. தை முடியட்டும் என்று அண்ணன் ஒரே பேச்சாகச் சொல்லி அனுப்பிவிட்டார்.

கடைசிப் பகுதி, பதினோரு பக்கம், இத்துடன்.

துர்கா


கல்பாக்கம்
14.11.2006

அன்புள்ள துர்கா,

ஓடுகிறது. முழுசாக ஓடுகிறது. ஊர் பெயரும் ஆள் பெயரும் தேதியும் போட்டால் வரிசையாக வந்து நிற்கிறது. அப்பாவின் போனிலும் ஏற்றிப் பார்த்துவிட்டேன். அப்பா என் தோளைத் தட்டினார். நான் செய்தது இல்லை, துர்கா செய்தது என்று சொன்னேன். முழுக்க அப்படித்தானா என்று எனக்குள் கேட்டுக்கொண்டேன், அது வேறு விஷயம்.

ஒன்று கேட்க வேண்டும். போனை அணைத்துத் திறந்தால் நாம் போட்ட பெயர்கள் எங்கே இருக்கும் என்று எப்போதாவது யோசித்தாயா? உன் புத்தகத்தில் கிழிந்துபோன ஆறாம் அத்தியாயம் எதைப் பற்றியது என்று உள்ளடக்கத்தில் பார். அவசரம் இல்லை. நேரில் பேசலாம்.

அடுத்த வாரம் உன் அம்மா உன்னைத் திருவிடந்தைப் பெருமாள் கோயிலுக்குக் கூட்டிவருவதாக எழுதியிருந்தாயே. நானும் மாமல்லபுரம் வந்து பஸ் மாறி வந்துவிடுகிறேன். அண்ணனையும் போனோடு வரச் சொல்.

வைஷாலி


கருங்குழி
28.11.2006

என் வைஷாலிக்கு,

கல்யாணம் ஆகட்டும் என்று அம்மா மாலையைக் கழுத்தில் போட்டு என்னை ஒன்பது சுற்றுச் சுற்றவைத்தது. ஒவ்வொரு சுற்றிலும் நான் வேலை வேண்டும் என்றுதான் வேண்டிக்கொண்டேன். பெருமாளுக்குக் குழப்பமாகத்தான் இருந்திருக்கும்.

ஆனால் கோயில் வாசலில் உன் அப்பா போனில் அதைப் பார்த்தேனே, அதைச் சொல்ல எனக்கு வார்த்தை இல்லை. நான் அட்டையில் வரைந்த அதே ஸ்க்ரீன், வெளிச்சத்தோடு. உன் கையிலிருந்து பிடுங்கி நானே பெயர் போட்டேன். அணைத்தேன். திறந்தேன். இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது, நீ வேறு பக்கம் பார்த்தாய். பெயர்கள் எங்கே இருக்கும் என்று கேட்டு எழுதியிருந்தாயே, நீயே பார்த்தாய் அல்லவா, போகவே இல்லை. ஆறாம் அத்தியாயம் இல்லாமலே நடந்துவிட்டது. அதைப் போண்டா மடித்தவனை மன்னித்துவிட்டேன்.

அண்ணன் போனில் ப்ளூடூத்தில் ஏற்றினாயே, அதிலிருந்து சுவரில் கரி படவில்லை. நேற்று யாரோ ஒருவர் சண்டைக்கு வந்திருக்கிறார். அண்ணன் போனைத் திறந்து, "தோ பாரு, உன் பேரு வியாழக்கெழமதான் கீது. எந் தங்கச்சி போட்டது, தப்பா இருக்காது" என்று சொன்னாராம். அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

பிப்ரவரி மூன்று, சனிக்கிழமை, இன்டர்வியூ. நீ கூட வரணும். புரோகிராமை சிடியில் எடுத்துக்கொண்டு வா. தனியாக அந்தக் கண்ணாடிக் கட்டடத்துக்குள் போக எனக்குப் பயமாக இருக்கிறது.

துர்கா


கல்பாக்கம்
24.1.2007

அன்புள்ள துர்கா,

வருகிறேன். காலை ஏழரைக்கு செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில், வழக்கமான பழக்கடைப் பக்கம்.

அதற்குள் உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். கடிதத்தில் எழுத வரவில்லை. போகும் வழியில் பஸ்ஸில் சொல்கிறேன். பெரிதாக ஒன்றுமில்லை. பெரிதுதான். எப்படியும் சொல்லிவிடுகிறேன்.

வைஷாலி


கருங்குழி
16.2.2007

வைஷாலி,

தை முடிந்து நாலு நாள் ஆகிறது.

பஸ்ஸில் நீ எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, மனசு முழுக்க இன்டர்வியூவில் இருந்தது. கேட்டில் வாட்ச்மேன், விண்ணப்பம் எழுதியவர்களைத் தவிர யாரும் உள்ளே போகக் கூடாது என்றார். எனக்காகத்தான் நீயும் ஒரு விண்ணப்பம் எழுதினாய். அதுவரைக்கும் நீ செய்தது எல்லாம் எனக்காகத்தான், அதை நான் மறுக்க மாட்டேன்.

உள்ளே நடந்தது உனக்குத் தெரியாது, நீ வெளியே உட்கார்ந்திருந்தாய். மூன்று பேர் இருந்தார்கள், நடுவில் ஒரு மேடம். முதலில் பேப்பரில் ஒரு புரோகிராம் எழுதச் சொன்னார்கள். பேப்பரில்தானே, எனக்குப் பழக்கமான இடம். கை தானாக ஓடியது. அந்த மேடம் அதில் பதினாலு இடத்தில் சுழித்தார். நான் இருக்காது என்றேன். "ஒரு தடவை திரும்பப் பாத்தீங்களாம்மா?" என்று கேட்டார். பார்க்கவில்லை.

அப்புறம் அண்ணன் போனைக் காட்டினேன். முகம் மலர்ந்தது அவருக்கு. அணைத்தால் இந்தப் பெயர்கள் எங்கே போய் இருக்கின்றன என்று கேட்டார். எங்கேயும் போகாது, அப்படியே இருக்கும் என்றேன். எப்படி இருக்கும், யார் வைக்கிறார்கள் என்றார். நானே பார்த்தேன் மேடம், இருக்கிறது என்று சண்டை போட்டேன் வைஷாலி. சண்டை. அவர் சிடியைப் போட்டு ஒரு பகுதியைத் திறந்து, இதை விளக்குங்கள் என்றார். நாற்பது வரி. வாழ்க்கையில் நான் அதைப் பார்த்ததே இல்லை. "இது நான் எழுதினது இல்ல" என்று சொன்னேன். அந்த அறையில் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அடுத்தவர் செய்ததைத் தூக்கிக்கொண்டு வந்தவள் என்று நினைத்திருப்பார்கள். நினைத்தால் என்ன தப்பு.

அதற்குப் பிறகு உன்னைக் கூப்பிட்டார்கள். அதே நாற்பது வரியை நீ விளக்கியிருப்பாய்.

உனக்கு ஆர்டர் வந்துவிட்டதாம். எங்கள் அண்ணனுக்கு ரோஹித் போன் பண்ணிச் சொன்னார். நீ சொல்லவில்லை.

எத்தனை தப்பை மறைத்தாய்? ஆறு என்றாயே, உண்மையில் எத்தனை? இரண்டு என்றாயே, அது எத்தனை? ஒரு புள்ளியைக்கூட மாற்றாதே என்று முதல் கடிதத்திலேயே கேட்டுக்கொண்டேன். உன்னிடம் வேறு எதையும் நான் கேட்டதில்லை.

பம்புக் கடைக்காரர் வீட்டில் வைகாசியில் வைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். சரி என்று சொல்லிவிட்டேன்.

துர்காதேவி


கல்பாக்கம்
25.2.2007

துர்கா,

நீ கேட்டதற்கு முதலில் பதில். ஆறு என்று எழுதியது நாற்பத்தொன்று. இரண்டு என்று எழுதியது முப்பத்தெட்டு.

நீ பத்து நாள் புத்தகத்தைத் தொடவில்லை என்று எழுதினாயே, அதைப் படித்துவிட்டு என்னால் நாற்பத்தொன்று என்று எழுத முடியவில்லை. எழுதிய கடிதத்தைக் கிழித்தேன். இந்த ஒரு தடவை மட்டும் என்று நினைத்தேன். நானே திருத்தி, லேசான ஆறை மட்டும் உனக்கு அனுப்பினேன். அடுத்த தடவை நீ சந்தோஷமாக எழுதியிருந்தாய். அதைக் கெடுக்க மனசு வரவில்லை. அதற்கடுத்த தடவை உண்மையைச் சொன்னால் முன்னால் சொன்னதும் பொய் என்று ஆகிவிடும். அப்படியே போய்விட்டது.

இதோடு நிறுத்தினால் என்னை நல்லவள் என்று நீ நினைக்கலாம். நான் அவ்வளவு நல்லவள் இல்லை. திருத்துவது எனக்குப் பிடித்துவிட்டது, துர்கா. மூன்று வருஷம் காலேஜில் படித்தபோது புரியாததெல்லாம், உன் தப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சரிசெய்யும்போது புரிந்தது. அணைத்தால் பெயர்கள் அழிந்துபோவதைப் பார்த்ததும் உனக்கு எழுதியிருக்க வேண்டும். நேராக எழுதவில்லை. நானே தேடிப் படித்து அந்த நாற்பது வரியை எழுதினேன். நாலு நாள் ஆயிற்று. அந்த நாலு நாள் போல நான் என்றைக்கும் சந்தோஷமாக இருந்ததில்லை. உன் கடிதத்துக்காகக் காத்திருந்தேன், உனக்காக இல்லை, அதிலுள்ள தப்புகளுக்காக.

அந்த மேடம் இது யாருடையது என்று கேட்டார். யோசனை துர்காவுடையது என்றேன். அது பொய் இல்லை. ஆனால் போதாது என்று அப்போதே தெரிந்தது. எழுதியவளும் துர்காதான், அவளுடைய தப்புகளை அவளுக்குத் தெரியவிடாமல் செய்தவள் நான் என்று சொல்லியிருக்கலாம். அதற்குள் எனக்கு அந்த நாற்காலிமேல் ஆசை வந்துவிட்டது.

வேலையை வேண்டாம் என்று எழுதிவிடட்டுமா? நீ ஒரு வார்த்தை சொல், எழுதிவிடுகிறேன். மார்ச் ஐந்தாம் தேதிக்குள் சொல்.

வைஷாலி


சிறுசேரி
8.2.2009

அன்புள்ள துர்காவுக்கு,

நீ ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. நான் வேலையில் சேர்ந்துவிட்டேன். அப்புறம் ஐந்து கடிதம் போட்டேன், பதில் இல்லை. கல்யாணப் பத்திரிகையும் வரவில்லை. எதிர்பார்த்திருக்கக் கூடாதுதான்.

போன வாரம் செங்கல்பட்டில் பார்த்திபன் அண்ணனைப் பார்த்தேன். பார்க்காத மாதிரி போயிருக்கலாம், அவர் நின்றார். புரோகிராம் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "அந்த போனு பூட்ச்சிம்மா. புதுசுல அது வரமாட்டேங்குது. மறுபடி சுவத்துலதான் எழுதிக்கினு கீறேன். துர்கா கைல சொல்லல, சொன்னா மனசு கஷ்டப்படும்" என்றார். உன் விலாசத்தையும் அவர்தான் கொடுத்தார். எனக்கு அன்றைக்கு ஆபீஸில் வேலையே ஓடவில்லை.

இத்துடன் பார்சல் அனுப்பியிருக்கிறேன். நீ எழுதிய தாள்கள் எல்லாம், முதலிலிருந்து. ஒவ்வொரு தப்புக்கும் சிவப்பு மையில் வட்டம் போட்டு, கம்ப்யூட்டர் சொன்னதை ஓரத்தில் எழுதியிருக்கிறேன். ஒன்றையும் விடவில்லை. அந்தப் புத்தகத்தைப் புதிதாக வாங்கி, ஆறாம் அத்தியாயத்தை ஜெராக்ஸ் எடுத்தும் வைத்திருக்கிறேன். இரண்டரை வருஷம் தாமதம். உன்னுடைய தப்புகள், உன்னிடமே இருக்க வேண்டியவை.

வைஷாலி


அச்சரப்பாக்கம்
1.3.2009

வைஷாலி,

காகிதம் பார்த்து ஆச்சரியப்படாதே. என் கல்யாணப் பத்திரிகை கொஞ்சம் மிச்சம் கிடக்கிறது. பின்பக்கத்தில் எழுதுகிறேன். உனக்கு அனுப்பாமல் விட்டதும் இப்படி வந்து சேர்ந்ததாக வைத்துக்கொள்.

பார்சலைப் பிரிக்காமல் ஒரு வாரம் வைத்திருந்தேன். இவர்தான், "அதுல வெடியா கீது, பிரிச்சிதான் பாரேன்" என்றார். இவர் நல்லவர். மோட்டாரைக் கழற்றினால் எங்கே கோளாறு என்று காட்டிவிட்டுத்தான் மாட்டுவார், வந்தவர் கேட்காவிட்டாலும். அதைப் பார்க்கிறபோதெல்லாம் உன் ஞாபகம் வரும், கோபமாக.

பிரித்தேன். கடையில் உட்கார்ந்து எட்டு நாள் படித்தேன். மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு வட்டம். முதல் நாள் நாலு பக்கத்துக்கு மேல் புரட்ட முடியவில்லை. மூன்றாம் நாள் ஒரு நோட்டை எடுத்து, ஒரே மாதிரித் தப்புகளை ஒன்றாகச் சேர்த்து எழுத ஆரம்பித்தேன். எண் வர வேண்டிய இடத்தில் பெயரைக் கொடுத்தது ஒரு பக்கம். கம்ப்யூட்டர் பூஜ்யத்திலிருந்து எண்ணும்போது நான் ஒன்றிலிருந்து எண்ணியது ஒரு பக்கம். இப்படியே பிரித்துக்கொண்டு போனேன்.

ஏழு பக்கம்தான் வந்தது வைஷாலி. இருநூற்றுப் பன்னிரண்டும் ஏழே ஏழு தப்பு. அதே ஏழைத்தான் மறுபடி மறுபடி செய்திருக்கிறேன். நீ முதலிலேயே சொல்லியிருந்தால், நாலு நாள் அழுதிருப்பேன், ஆடி முடிவதற்குள் ஏழும் போயிருக்கும். நான் உடைந்துபோவேன் என்று நினைத்தாய். பத்து நாள் கழித்து எலி கடித்த புத்தகத்தை எடுத்தவள் நான். அதையும் அதே கடிதத்தில்தான் எழுதியிருந்தேன். நீ பாதியைத்தான் படித்திருக்கிறாய்.

வேலையை விடட்டுமா என்று கேட்டாய். பதில் எழுதினேன், வேண்டாம், போ என்று. தபாலில் போடவில்லை. அதற்கு நான் வருத்தப்படுகிறேன். இரண்டு வருஷம் நீ அந்த நாற்காலியில் நிம்மதியாக உட்கார்ந்திருக்க மாட்டாய். அப்படித்தான் இருக்கட்டும் என்று அப்போது நினைத்தேன்.

அண்ணன் சுவரில் எழுதுவது எனக்குத் தெரியும். பொங்கலுக்குப் போனபோது பார்த்தேன். தெரியாத மாதிரி வந்துவிட்டேன்.

ஆறாம் அத்தியாயத்தைப் படித்தேன். இத்துடன் இரண்டு பக்கம். பெயர்களைப் போனுக்குள் பத்திரமாக வைக்கிற பகுதி, உன் நாற்பது வரி இருந்த இடத்தில் என்னுடையது. ஐந்து தடவை சரிபார்த்தேன். இப்போது இதனால் எந்த வேலையும் கிடைக்காது, போனெல்லாம் மாறிவிட்டது, அது எனக்குத் தெரியும். இருந்தாலும் அடித்துப் பார்.

கண்டிஷன் பழையதுதான்.

துர்கா


கல்பாக்கம்
15.3.2009

அன்புள்ள துர்கா,

ஆபீஸ் கம்ப்யூட்டரில் அந்தப் பழைய சாஃப்ட்வேரை எடுத்துவிட்டார்கள். அதனால் சனிக்கிழமை இங்கே வந்து, அப்பா மூடி வைத்திருந்த நம் பழைய கம்ப்யூட்டரைத் திறந்தேன். பொம்மைப் போன் இன்னும் இருக்கிறது.

எழுதியதை எழுதியபடி அடித்தேன். பன்னிரண்டாம் வரி வந்தபோதே தப்பு கண்ணில் பட்டுவிட்டது. விரல் அந்த இடத்தில் நின்றது. எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, அப்படியே அடித்தேன்.

தப்பு மூன்று. அந்த ஏழில் ஒன்றுகூட இல்லை. மூன்றும் புதுசு.

வரி 12: கோப்பைத் திறக்க முடியாமல் போனால் என்ன செய்வது என்று சொல்லவில்லை.
வரி 29: படித்து முடித்த பிறகு மூடவில்லை.
வரி 33: பெயர் எதுவும் இல்லாதபோதும் முதல் பெயரைத் தேடுகிறது.

நான் எதையும் தொடவில்லை. நீ திருத்தியதும் அனுப்பு. இனி சனிக்கிழமைகளில் இங்கேதான் இருப்பேன்.

வைஷாலி